கண்ணுக்கும் கொழுப்புக்கும் ஒரே மாத்திரை: நாட்குறிப்பு

மார்ச் 3

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தைராய்டு அளவுகள் கட்டுக்குள் வந்துவிட்டன. ஆனால் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு 152. தைராய்டை மிகையாகச் சுரக்கவைத்து, கண்ணையும் தாக்கும் என் கிரேவ்ஸ் நோய் உச்சத்தில் இருந்தபோது அது நூறைக்கூடத் தொடவில்லை. தைராய்டு மிகையாகச் சுரக்கும்போது கல்லீரல் இரத்தத்திலிருக்கும் கொழுப்பை வேகவேகமாக இழுத்துக்கொள்ளுமாம். சுரப்பு அடங்கியதும் உண்மையான அளவு வெளியே தெரிகிறது.

கண்கள்தான் அடங்கவில்லை. படியிறங்கும்போது ஒவ்வொரு படியும் இரண்டாகத் தெரிகிறது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு இறங்குகிறேன்.

மார்ச் 9

கண் மருத்துவரும் தைராய்டு மருத்துவரும் கலந்து பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை நரம்பு வழியாக மெத்தில்பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு. முதல் ஆறு வாரம் 500 மில்லிகிராம், அடுத்த ஆறு வாரம் 250. அதோடு தினமும் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம்; ஸ்டாட்டின் என்னும் கொழுப்புக் குறைப்பு மருந்து வகையைச் சேர்ந்த மாத்திரை.

"கொழுப்புக்குத்தானே டாக்டர்?" என்று கேட்டேன். "கொழுப்புக்கு எப்படியும் வேண்டும். கண்ணுக்கும் உதவக்கூடும்" என்றார். அந்த 'உதவக்கூடும்' என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 10

இரவு முழுக்கப் படித்தேன், ஒரு கண்ணால்.

2015இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, புதிதாகக் கிரேவ்ஸ் நோய் கண்டறியப்பட்ட 8,404 பேரின் காப்பீட்டுப் பதிவுகளை அலசியது. ஓராண்டுக் காலத்துக்குள் 60 நாட்களோ அதற்கு மேலோ ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்குக் கண் பாதிப்பு வரும் அபாயம் சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. ஸ்டாட்டின் அல்லாத கொழுப்பு மருந்துகளை எடுத்தவர்களிடம் அந்தப் பலன் தென்படவில்லை. என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இந்த இடம்தான். அப்படியானால் கொழுப்பு குறைவது மட்டுமே காரணமாக இருக்காது. ஸ்டாட்டினுக்கு அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டு. இந்த நோயில் கண்குழிக்குள் நடப்பதும் அழற்சிதான்: தைராய்டைத் தூண்டும் எதிர்ப்பொருட்கள் அங்குள்ள நார்த்திசு செல்களையும் தூண்டிவிடுகின்றன. அவை நீரை உறிஞ்சும் ஹயலூரோனிக் அமிலத்தைச் சுரக்கின்றன, சில கொழுப்புச் செல்களாகவே மாறுகின்றன. எலும்புக் குழி விரியாது. கண் முன்னால் தள்ளப்படுகிறது.

ஆனாலும் பதிவுகளை அலசுவது வேறு, மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது வேறு. கொடுத்துப் பார்த்தவர்கள் இத்தாலியின் பீசா நகரத்து மருத்துவர்கள். கொழுப்பும் கண் பாதிப்பும் சேர்ந்திருந்த 88 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஸ்டீராய்டு; பாதிப் பேருக்குக் கூடவே அட்டோர்வாஸ்டாட்டின். 24 வாரத்தில் மாத்திரை சேர்ந்தவர்களில் 51 சதவீதத்தினருக்குப் பலன், மற்றவர்களில் 28 சதவீதத்தினருக்கு. 2021இல் வெளியானது. சிறிய ஆய்வு, ஒரே மருத்துவமனை, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலி மாத்திரையும் கிடையாது. அப்படியிருந்தும் இவ்வளவு பழைய, எளிய மாத்திரையிடமிருந்து இப்படியொரு வித்தியாசம் என்றால் மனம் துள்ளத்தான் செய்கிறது.

மார்ச் 24

ஸ்டீராய்டு ஏற்றிய இரவுகளில் தூக்கம் வருவதில்லை. இமைகள் முழுதாக மூடாததால் களிம்பு தடவி, டேப் ஒட்டிப் படுக்கிறேன்.

ஏப்ரல் 11

தம்பி தொலைபேசியில் அழைத்தான். அவனுக்கும் கிரேவ்ஸ் உண்டு. கண் நன்றாக இருக்கிறது, கொழுப்பும் சரியாக இருக்கிறது. "அக்கா, நானும் அந்த மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொள்ளட்டுமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சிகரெட்டை விட்டாயா?" என்றேன். பதில் இல்லை. புகை இந்த நோயில் கண்ணைக் கெடுக்கும் என்பதற்கு எத்தனையோ ஆண்டுகளாகச் சான்று குவிந்து கிடக்கிறது. பீசா ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் கொழுப்பு உள்ளவர்கள், கண் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள். அவன் இரண்டிலும் சேர்த்தியில்லை. மருத்துவரிடம் கேட்கட்டும், நல்லது. ஆனால் சிகரெட் பெட்டியைத் தூக்கியெறிந்துவிட்டுக் கேட்கட்டும்.

மே 4

தொடைகளில் வலி. ஸ்டாட்டினால் தசைவலி வரலாம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். தைராய்டு மருத்துவர் உடனே இரண்டு பரிசோதனைகள் எழுதினார்: தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே., கூடவே தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். சி.பி.கே. சரியாக இருந்தது. டி.எஸ்.எச். ஏறியிருந்தது. தைராய்டைக் கட்டுப்படுத்த நான் எடுக்கும் கார்பிமசோல் அளவு அதிகமாகித் தைராய்டு தேவைக்கும் கீழே இறங்கிவிட்டிருந்தது. அந்த நிலையில் ஸ்டாட்டின் தசையை எளிதில் தாக்கும். கண்ணுக்கும் அது ஆகாது. கார்பிமசோலைக் குறைத்தார், ஸ்டாட்டினை நிறுத்தவில்லை.

மே 19

வலி இல்லை.

தினமும் காலையில் ஒரு சிவப்புப் பேனா மூடியை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பார்க்கிறேன். ஒரு கண்ணில் சிவப்பு வெளிறித் தெரிந்தால் பார்வை நரம்பு நசுங்குகிறது என்று பொருளாகலாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இதுவரை இரண்டிலும் ஒரே சிவப்பு.

செப்டம்பர் 1

24ஆவது வாரப் பரிசோதனை. வலக்கண் துருத்தல் 23 மில்லிமீட்டரிலிருந்து 21. சிவப்பும் வீக்கமும் வடிந்துவிட்டன. நேராகப் பார்க்கும்போது ஒற்றைப் பார்வை. கீழே பார்த்தால் இன்னும் இரண்டு. எல்.டி.எல். 84. இதில் ஸ்டீராய்டின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று ஒரே ஒருத்தியின் கண்களைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். சரியான பேச்சு.

அட்டோர்வாஸ்டாட்டின் தொடர்கிறது. மாறுகண் அறுவை சிகிச்சையைப் பற்றி, அளவுகள் சில மாதம் அசையாமல் நின்ற பிறகுதான் பேசுவோம் என்றார். அடுத்த முறை தம்பியும் என்னோடு வருகிறான்.