மரக்கிளையில் உட்கார்ந்திருந்தவன்

ஏப்ரல் 12, சனி

வடக்கும் தெற்கும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. தளபதிகளையும் பெரிய சண்டைகளையும் கடந்து, இப்போது தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் ஷார்ப்ஷூட்டர்களிடம் வந்து மாட்டிக்கொண்டேன். முதல் வேலையாக ஒரு தப்பைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஷார்ப்ஸ் துப்பாக்கி வைத்திருந்ததால்தான் அவர்களுக்கு அந்தப் பெயர் வந்தது என்று பல பேரிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன். அந்தத் துப்பாக்கிக்குக் கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் காப்புரிமை வாங்கியதே 1848-இல்தான். அந்தச் சொல் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஆங்கிலத்தில் புழங்கியிருக்கிறது. யாரிடமெல்லாம் சொன்னேனோ, அவர்கள் கண்ணில் இது படாமல் இருக்கட்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று முழுக்க ஹைரம் பெர்டன். நியூயார்க் பொறியாளர், துப்பாக்கிப் போட்டிகளில் பேர்போனவர். 1861 கோடையில் வடக்கத்திய ராணுவத்துக்காகக் குறி தவறாதவர்களாகப் பொறுக்கிச் சேர்க்கத் தொடங்கினார். அது இரண்டு ரெஜிமென்ட்டாக வளர்ந்தது. சேர வருகிறவன் 200 கஜ தூரத்தில், துப்பாக்கியைத் தாங்கலில் வைத்துப் பத்துத் தடவை சுட வேண்டும். ஒவ்வொரு துளையும் நடுப்புள்ளியை விட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து கூட்டுவார்கள். மொத்தம் 50 அங்குலத்தைத் தாண்டினால் வீட்டுக்குப் போகலாம்.

அந்தக் காலத்துப் போட்டிகளில் இதை அளக்க நூலைத்தான் பயன்படுத்தினார்கள். நடுவிலிருந்து முதல் துளை வரை நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நூலில் விட்ட இடத்தை மறுபடி நடுவில் வைத்து இரண்டாவது துளைக்கு, அப்புறம் மூன்றாவதற்கு. கடைசியில் விரலில் தொங்கும் நூலின் நீளம்தான் மதிப்பெண். நூல் குட்டையாக இருக்க இருக்க ஆள் கெட்டிக்காரன்.

சீருடை பச்சை. பொத்தான்கூட வெயிலில் மின்னாத கெட்டி ரப்பர். இவ்வளவு யோசித்தவர்களுக்குத் துப்பாக்கி மட்டும் லேசில் கிடைக்கவில்லை. தளவாடத் துறைத் தலைவர் ரிப்லி இழுத்தடித்தார். முதலில் வந்தவை சுழலும் அறைகள் கொண்ட கோல்ட் (Colt) ரைஃபிள்கள். சமயத்தில் எல்லா அறைகளும் ஒன்றாக வெடிக்கும் என்பதால், முன்னால் தாங்கிப் பிடித்திருக்கும் கைக்கு உத்தரவாதமில்லை. கேட்ட ஷார்ப்ஸ் 1862-இல்தான் வந்து சேர்ந்தது.

சாதாரணச் சிப்பாயின் துப்பாக்கியில் மருந்தையும் குண்டையும் குழல் வாய் வழியாகப் போட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டாலே பெரிது. ஷார்ப்ஸில் எட்டு, பத்து வரை முடியும். எல்லோரும் இந்த வேகத்தையே பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: பின்பக்கமாகத் திறந்து நிரப்புவதால், படுத்த இடத்தை விட்டு எழவே வேண்டாம்.

ஏப்ரல் 17, வியாழன்

தளபதிகளைச் சாய்ப்பதுதான் இவர்கள் வேலை என்று நினைத்திருந்தேன். அன்றாடப் பிழைப்பு அது இல்லை. 1862 வசந்தத்தில் யார்க்டவுன் முற்றுகையில் பெர்டனின் ஆட்கள் செய்தது, எதிரியின் பீரங்கிகளை ஊமையாக்கியது. பீரங்கியை உடைக்க வேண்டியதில்லை. குண்டு நிரப்ப எழுந்து நிற்பவனைச் சுட்டால் போதும், அடுத்தவன் எழ மாட்டான். மற்ற நாட்களில், பெரும்படைக்கு முன்னால் சிதறிப் போய் எதிரி எங்கே இருக்கிறான் என்று தடவிப் பார்க்கும் வேலை.

தெற்கிலும் 1862-லேயே படைப்பிரிவுகளில் ஷார்ப்ஷூட்டர் பட்டாலியன்கள் அமைக்கச் சட்டம் வந்துவிட்டது. அங்கே ஜெனரல் பேட்ரிக் கிளிபர்ன் தன் ஆட்களுக்குத் தூரத்தைக் கண்ணால் மதிப்பிடப் பயிற்சி கொடுத்தார். அந்தக் காலத்துக் குண்டு மெதுவானது, எறிந்த கல்லைப் போல வளைந்து இறங்கும். தூரத்தைத் தப்பாகக் கணித்தால் எவ்வளவு நல்ல குறியும் தலைக்கு மேலேயோ காலடி மண்ணிலோதான்.

இவர்களைச் சொந்தப் படைக்கே பிடிக்காமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு தரப்புக் காவல் சிப்பாய்களும் எதிரெதிரே நின்று, சண்டை இல்லாத நாளில் வடக்கத்திக் காப்பிக்குத் தெற்கத்திப் புகையிலை என்று பண்டமாற்று நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் ஒருவன் மரமேறிச் சுட்டுவிட்டுப் போனால், அடுத்த ஒரு வாரத்துக்கு யாரும் தலையைத் தூக்க முடியாது. 1863 ஏப்ரலில் லிங்கன் அரசு தன் ராணுவத்துக்காக வெளியிட்ட போர் விதிகளான லீபர் விதித்தொகுப்பின் 69-ஆவது பிரிவு, காவல் சிப்பாய்களை விரட்டுவதற்காக அல்லாமல், அல்லது வெளிப்படையான உத்தரவு இல்லாமல் சுடக் கூடாது என்கிறது. உத்தரவு என்ற அந்த ஓட்டை வழியாக ஒரு பட்டாலியனே போகலாம்.

ஏப்ரல் 18, வெள்ளி

வடக்கத்திய ஜெனரல் செட்ஜ்விக் கதை. 1864 மே 9, ஸ்பாட்சில்வேனியா. "இந்தத் தூரத்தில் யானையைக்கூட அவர்களால் அடிக்க முடியாது" என்றபடியே பாதி வார்த்தையில் விழுந்தார் என்பார்கள். கூட இருந்த அவருடைய அதிகாரி மக்மஹோன் எழுதியது வேறு மாதிரி. குனிந்து ஒளிந்த ஒரு சிப்பாயிடம் ஜெனரல் அதைச் சொல்கிறார். அவனோ, ஒருமுறை இப்படிக் குனிந்ததால்தான் என் தலை தப்பியது, குனிவதில் எனக்கு நம்பிக்கை உண்டு என்கிறான். செட்ஜ்விக் சிரித்துவிட்டு, சரி, உன் இடத்துக்குப் போ என்கிறார். அப்புறம்தான் அந்தக் கீச்சொலி. இடது கண்ணுக்குக் கீழே. இங்கிலாந்திலிருந்து வந்த விட்வொர்த் துப்பாக்கியாக இருக்கலாம் என்கிறார்கள். அறுகோணக் குழல், அதன் குண்டுக்கென்றே தனி விசில்.

எனக்கு அந்தச் சிப்பாயைத்தான் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

வின்ஸ்லோ ஹோமரின் ஓவியம், 1863. பைன் மரக்கிளையில் ஒருவன் உட்கார்ந்து தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியில் கண்ணை வைத்திருக்கிறான். தண்ணீர்க் குடுவை பக்கத்துக் கிளையில் தொங்குகிறது. அவன் யாரைப் பார்க்கிறான் என்பது படத்தில் இல்லை.

முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து, 1896-இல், ஹோமர் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். யார்க்டவுனில் ஒரு பீச் பழத் தோப்பில் அப்படிப்பட்ட துப்பாக்கி வழியாக ஒருமுறை பார்த்தாராம். ராணுவ சம்பந்தமான விஷயங்களில் கொலைக்கு இவ்வளவு நெருக்கமாக இன்னொன்று அவருக்குத் தோன்றவில்லையாம். குறிக்கோடுகளுக்கு நடுவில் நிற்கும் ஒரு குட்டி மனிதனையும் அதில் வரைந்து அனுப்பியிருக்கிறார். ஓவியத்தில் விட்டதைக் கடிதத்தில் வரைந்துவிட்டார்.

வரிசையில் நின்று புகைக்குள் சுடுகிறவனுக்குத் தன் குண்டு யார் மீது பட்டது என்று தெரியாது. அந்தத் தெரியாமை ஒரு சலுகை. மரத்தில் இருந்தவனுக்கு அது கிடையாது.

ஏப்ரல் 26, சனி

கெட்டிஸ்பர்க், 1863 ஜூலையில் பெரிய சண்டை நடந்த இடம். காலையில் டெவில்ஸ் டென் பாறைகள். இரண்டு பாறைகளுக்கு இடையே கற்சுவர், அதன் பின்னால் இறந்து கிடக்கும் தெற்கத்திய ஷார்ப்ஷூட்டர், சுவரில் சாய்ந்த துப்பாக்கி. சண்டை முடிந்த சில நாளில் அலெக்ஸாண்டர் கார்ட்னர் குழு எடுத்த புகழ்பெற்ற புகைப்படம். அந்த உடலை சுமார் 40 கஜம் தள்ளியிருந்த இடத்திலிருந்து தூக்கி வந்து கிடத்தியதை, 1970-களில் வரலாற்றாளர் வில்லியம் ஃப்ராசனிட்டோ மற்றப் படங்களோடு ஒப்பிட்டுக் காட்டினார். துப்பாக்கியும் ஷார்ப்ஷூட்டருக்கு உரியது இல்லை. அந்தப் பையன் சாதாரணக் காலாட்படை வீரனாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நாற்பது கஜத்தை நடந்து பார்த்தேன். சரிவு, கல், முள். பிணத்தோடு ஏறுவது சுலபமில்லை. நான் போனபோது சுவருக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பையன் செத்தவன் மாதிரிப் படுத்து போஸ் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மதியம் எதிரே லிட்டில் ரவுண்ட் டாப் குன்று. இங்கே வடக்கத்திய ஜெனரல் வீட் சுடப்பட்டு விழுந்ததும், அவர் சொல்வதைக் கேட்கக் குனிந்த பீரங்கிப் படை அதிகாரி ஹேஸ்லெட்டும் சுடப்பட்டார். குண்டுகள் டெவில்ஸ் டென்னிலிருந்து வந்தவை என்பது நெடுநாள் நம்பிக்கை. சுமார் 500 கஜம். வெறும் கண்ணுக்கு அங்கே இருப்பவர்கள் அரிசி மணி அளவு.

செல்போனை எடுத்துப் பெரிதாக்கினேன். ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒருவர் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, காலை நீட்டிய குழந்தைக்கு ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு சரியாக விழவில்லை போல, அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். படம் எடுக்காமல் போனைப் பையில் போட்டேன்.