ஒரு கைப்பிடிக்கு நாலு வருடம்: நான் பேட்டன்ட் வாங்கிய கதை

கோவை கணபதியில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், நாலு ஆட்கள். சொட்டுநீர்ப் பாசனத்துக்கான ஃபில்டர் செய்கிறோம். கிணற்றுத் தண்ணீரில் பாசி இருந்தால் தினமும் மோட்டாரை நிறுத்தி, மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சல்லடையை எடுத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஒருநாள் சோம்பல் பட்டாலும் கடைசி வரிசைத் தென்னைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. மச்சான் தோட்டத்தில் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுத்தான் 2018-ல் ஃபில்டரில் ஒரு கைப்பிடி வைத்தேன். வெளியே நின்று அதைச் சுற்றினால் உள்ளே பிரஷ் சல்லடையைத் தேய்க்கும், அதே சுற்றில் ஒரு கேம் (சுற்றும்போது பக்கத்துப் பாகத்தைத் தள்ளி அசைக்கிற துண்டு) கீழ்வால்வைத் திறந்து அழுக்கை வெளியே தள்ளிவிட்டு மூடிக்கொள்ளும். மோட்டாரை நிறுத்தவே வேண்டாம்.

எங்கள் வீதி வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். புதுச் சாமான் ஒன்று வந்தால் ஒரே மாதத்தில் பக்கத்துப் பட்டறையிலும் அதே சாமான் வந்துவிடும், நூறு ரூபாய் குறைவாக. எப்படிக் குறைகிறது? 3 மில்லிமீட்டர் தகடு இரண்டரை ஆகும், அப்புறம் இரண்டாகும். நானும் அப்படிச் செய்தவன்தான், நல்லவன் வேஷம் போடவில்லை. யோசிக்கிறதுக்குச் செலவழித்த காசு திரும்பி வராது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் அதில் காசு போட மாட்டார்கள். போட்டியெல்லாம் தகட்டின் கனத்தில்தான். கேம் சரியாக வருவதற்குள் நான் பதினோரு முறை வெட்டிப் பார்த்திருக்கிறேன். பக்கத்துக்காரருக்கு ஒரு முறை வெட்டினால் போதும்.

அந்தச் சமயத்தில் ஊரில் ஒரு கண்காட்சி வந்தது. ஸ்டாலில் இதை வைத்து அசத்திவிடலாம் என்று இருந்தேன். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, அதற்கு முன்னால் ஒரு பேட்டன்ட் ஏஜென்ட்டைப் போய்ப் பார்த்தேன், பேட்டன்ட் என்கிற காப்புரிமைக்கு நம் சார்பில் விண்ணப்பம் போடுகிறவர். அவர் சாமானைப் பற்றிக் கேட்கவே இல்லை. முதல் கேள்வியே, "இதை யாருக்காவது வித்தீங்களா? வாட்ஸ்அப்ல வீடியோ ஏதாச்சும் போட்டீங்களா?" இல்லைங்க, மச்சான் தோட்டத்தில் ஓட்டிப் பார்த்ததோடு சரி என்றேன். அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தார். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் நாமே வெளியில் காட்டிவிட்டால் அது புதுசு இல்லை என்று ஆகிவிடுமாம். மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி என்றால் 12 மாதச் சலுகை உண்டு, நம்முடையது அந்த வகை இல்லை. ஸ்டாலில் பழைய ஃபில்டரையே வைத்தோம்.

2019 மார்ச்சில் தற்காலிக விண்ணப்பம் போட்டோம். என் சொந்தப் பெயரில் ஆன்லைனில் போட்டதால் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். பட்டறை கம்பெனியாக இருந்து, சின்னத் தொழில் என்ற சலுகையும் இல்லாமல் போயிருந்தால் 8,000 ஆகியிருக்கும். ஏஜென்ட் கட்டணம் தனி, எல்லாம் முடிகிறபோது அது ஐம்பதாயிரத்தை நெருங்கிவிட்டது. முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடும். நாங்கள் 2020 பிப்ரவரியில் கொடுத்தோம், அடுத்த மாதமே ஊரடங்கு.

முழு விவரம் எழுதுவதுதான் நிஜமான வேலை. "உங்களோடது எது?" என்று ஏஜென்ட் திரும்பத் திரும்பக் கேட்டார். ஃபில்டரா? அது பழசு. பிரஷ்? அதுவும் இருக்கிறது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. அவர் கணினியில் பழைய பேட்டன்ட்களைத் தேடிக் காட்டினார், யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். எத்தனை நாடுகளில் எத்தனை பேர் இதே பாசியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்! அவற்றில் பல இந்தியாவில் விண்ணப்பமே போடாதவை. இங்கே பதிவில்லாததை இங்கே செய்து விற்பதற்குத் தடையில்லை, அந்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்தால்தான் வம்பு. கட்டணம் கட்டாமல் காலாவதியானவையும் அப்படித்தான். இவ்வளவு வரைபடமும் சும்மா கிடக்கிறது என்று தெரிந்திருந்தால் பதினோரு கேமில் ஆறையாவது மிச்சம் பிடித்திருப்பேன்.

18 மாதம் முடிந்ததும் விண்ணப்பம் வெளியிடப்பட்டது. வெளியிடுவது என்றால் முழுச் செய்முறையும் படத்தோடு ஊருக்கே தெரிகிறது. இதற்குள் நானும் விற்க ஆரம்பித்திருந்தேன். மூன்றே மாதத்தில் பக்கத்துப் பட்டறையில் என் கைப்பிடி, பச்சை பெயின்ட்டில். வழக்கு போடலாமா என்றால், பேட்டன்ட் கிடைத்த பிறகுதான் போட முடியும், ஆனால் இழப்பீட்டை வெளியான தேதியிலிருந்து கேட்கலாம் என்றார் ஏஜென்ட். அதுவரைக்கும்? பில் புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பரிசீலனைக்குத் தனி மனு, அதற்கு 4,000. விண்ணப்பம் போட்டால் தானாகப் பரிசீலிப்பார்கள் என்று நினைத்துச் சிலர் கோட்டை விடுகிறார்கள், ஜாக்கிரதை. 2021 கடைசியில் முதல் ஆய்வறிக்கை வந்தது. படித்ததும் எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இரண்டு வெளிநாட்டு ஆவணங்களைக் காட்டி, இதில் பிரஷ் இருக்கிறது, அதில் வால்வு இருக்கிறது, உன்னுடையது தெரிந்த சாமான்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது மட்டுமே, சட்டத்தின் 3(f) பிரிவில் அதற்குக் காப்புரிமை இல்லை என்று எழுதியிருந்தது. கிட்டத்தட்ட எல்லோருக்கும் இப்படி ஒரு கடிதம் வருமாம். பதிலுக்கு 6 மாதம் அவகாசம். பிரஷ்ஷை விட்டுக்கொடுத்தோம். ஒரே சுற்றில் தேய்ப்பும் கழுவலும் ஒன்றையொன்று சார்ந்து நடக்க வைக்கிற அந்தக் கேமை மட்டும் பிடித்துக்கொண்டு, எது எங்களுடையது என்று கேட்கிற கோரிக்கையைச் சுருக்கினோம். அப்புறம் சென்னை கிண்டியில் இருக்கும் பேட்டன்ட் அலுவலகத்தோடு வீடியோவில் விசாரணை. கேமைக் கையில் பிடித்து நானே சுற்றிக் காட்டினேன். அதிகாரி இரண்டே கேள்வி கேட்டார், இரண்டும் நான் பட்டறையில் தலையைப் பிய்த்துக்கொண்ட இடங்கள். 15 நாளில் எழுத்துமூலம் விளக்கம் கொடுத்தோம். 2023 மே மாதம் பேட்டன்ட் கிடைத்தது. முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 வருடம் செல்லும் என்பதால் நாலு வருடம் ஏற்கெனவே கரைந்துவிட்டது. கையோடு நிலுவை மூன்று வருடத்துக்கு 2,400 புதுப்பிப்புக் கட்டணம் வேறு.

சான்றிதழை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நிலப் பத்திரம் ஏதாவது இருக்குங்களா?" என்றார்கள். சரி, அது போகட்டும்.

பக்கத்துப் பட்டறைக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. மறுநாள் அவரே வந்துவிட்டார், டீ சொன்னேன். ஏனுங்க, இதுக்குப் போயி கோர்ட்டா என்றார். கடைசியில் ஒரு ஃபில்டருக்கு 60 ரூபாய் கொடுப்பதாக எழுதிக்கொண்டோம், பழைய கணக்கை நான் விட்டுவிட்டேன். இன்னொருவர் கேம் இல்லாமல் வால்வுக்குத் தனிக் கைப்பிடி வைத்துச் செய்கிறார், அவரை ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அவர் யோசித்திருக்கிறார். எனக்கு வரும் அந்த 60 ரூபாயில் ஓர் ஆள் சம்பளம் தேறுகிறது. அந்த ஆளுக்கு உற்பத்தி வேலை இல்லை, புதுசாக ஏதாவது வெட்டிப் பார்ப்பது மட்டும்தான். முன்பென்றால் இப்படி ஓர் ஆளை வைத்திருப்பேனா?

பச்சை பெயின்ட்காரரின் ஃபில்டரில் பிரஷ் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. நைலான் முடி அவ்வளவு சீக்கிரம் மடங்குவதில்லை. இப்போது பிரஷ்ஷை அவரிடம்தான் வாங்குகிறேன்.