நாகூரில் அம்மா கேட்டது

நாகூர் தர்காவுக்குப் போக வேண்டும் என்று அம்மா சொன்னதும் வீட்டில் இரண்டு நாள் பேச்சே இல்லை. தம்பி தவ்ஹீதுக்காரன், அல்லாஹ்விடம் மட்டுமே நேராகக் கேட்க வேண்டும், தர்கா கூடாது என்கிற கட்சி. தொழுகையில் நெஞ்சின் மேல் கை கட்டுவான், உட்கார்ந்து ஓதும் அத்தஹிய்யாத்தில் விரலை அசைப்பான், ரமலான் இரவுத் தொழுகையை எட்டு ரக்அத்தோடு, அதாவது எட்டுச் சுற்றோடு, முடித்துக்கொள்வான். அம்மா இருபது தொழுவார். இதெல்லாம் பழகிவிட்டது. பிறைக் கணக்கு மாறி ஒரே வீட்டில் இரண்டு பெருநாள் வந்து, முதல் நாள் பிரியாணியை மறுநாள் சூடு பண்ணிச் சாப்பிட்டதும் உண்டு. தர்கா மட்டும் அப்படி முடியாது. அவனுக்கு அது ஷிர்க், அல்லாஹ்வுக்கு இணைவைப்பது, மன்னிப்பே கிடைக்காத பாவம்.

கடைசியில் அவனே பையைத் தூக்கிக்கொண்டான். மூட்டு வலியோடு இருக்கிற அம்மாவை எப்படி அனுப்புவது? "கூட வர்றேன், உள்ளே மட்டும் கூப்பிடாதீங்க" என்றான். சரி என்றோம்.

ரயில் திருவாரூரைத் தாண்டியதும் ஆரம்பித்தான்.

"நாகூர் ஆண்டவர்னு சொல்றீங்களே அம்மா, ஆண்டவன் ஒருத்தன்தானே?"

அம்மா வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "அல்லாஹ்வை நாம அவன்னுதான சொல்றோம்? அவர்னு சொன்னாலே அது மனுசன்தான்டா. ஆண்டவன் வேற, ஆண்டவர் வேற."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடமே போகாத அம்மா ஒரு விகுதியை வைத்து வழக்கை முடித்துவிட்டார். தம்பி விடவில்லை. பிடரி நரம்பைவிடப் பக்கத்தில் இருக்கிறேன் என்று அல்லாஹ்வே குர்ஆனில் சொல்லும்போது நடுவில் ஆள் எதற்கு? மழை இல்லாத காலத்தில் கலீபா உமர் ரலி அவர்கள் நபியின் கபுரிடம், அடக்கத்தலத்திடம், போய்க் கேட்டார்களா? உயிரோடு இருந்த நபியின் சித்தப்பா அப்பாஸ் ரலி அவர்களை முன்னிறுத்தித்தானே மழை கேட்டார்கள்? அது புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் உள்ள செய்தி. எங்கள் தெரு ஹஜ்ரத் இதே செய்தியைத்தான் வஸீலாவுக்கு, அதாவது நல்லவர் ஒருவரை முன்னிறுத்தி அல்லாஹ்விடம் கேட்பதற்கு, ஆதாரமாகச் சொல்வார். ஒரே ஹதீஸை இரண்டு பக்கமும் கையில் வைத்துக்கொண்டு, தவ்ஹீதுக்காரர்கள் தர்காவுக்குப் போகிறவர்களைக் கபுரு வணங்கி என்பதும், அவர்கள் இவர்களை வஹ்ஹாபி என்பதும் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போயிருக்கிறது.

நாகூரில் இறங்கியதும் அவன் கடற்கரைப் பக்கம் போய்விட்டான். நாங்கள் அலங்கார வாசலுக்கு நடந்தோம்.

பெரிய மனோரா என்கிற கோபுரம் தூரத்திலேயே தெரியும். 131 அடி. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. பிள்ளை வரம் கேட்டு, கிடைத்ததற்கான காணிக்கை என்பார்கள். உள்ளே அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்தவர். ஊர் ஊராகச் சுற்றி 16ஆம் நூற்றாண்டில் இந்தக் கடலோரம் வந்து தங்கி, 1570இல் மறைந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர். லாகூரில் பிள்ளையில்லாத ஒருவருக்காக அவர் துஆ செய்ததில், இறைவனிடம் வேண்டியதில், பிறந்தவர் யூசுப் என்றும், அந்தப் பிள்ளையே இவருக்கு மகனாக வந்து சேர்ந்தார் என்றும் சொல்வார்கள். யூசுபின் வழிவந்தவர்கள்தான் இன்றும் தர்காவைப் பார்த்துக்கொள்கிறார்கள். தம்பி இந்தக் கதையைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அம்மாவுக்கு இதுதான் முக்கியமான கதை.

தம்பிக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். குழந்தை இல்லை. அதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்று அம்மா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

உள்ளே புறாக்கள், சாம்பிராணிப் புகை, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள். எங்களுக்கு முன்னால் நெற்றியில் குங்குமத்தோடு ஒரு குடும்பம், கையில் வெள்ளித் தகட்டில் செய்த சின்னத் தொட்டில். ஒருவர் மயில் தோகையால் எல்லோர் தலையிலும் தடவிக்கொண்டிருந்தார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குர்ஆனின் முதல் சூராவான பாத்திஹா ஓதினார். உன்னையே வணங்குகிறோம், உன்னிடமே உதவி தேடுகிறோம் என்ற வசனம் அதில்தான் இருக்கிறது. அதே சூராவைத்தான் தம்பியும் ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதுகிறான்.

ஓதி முடித்தபின் அம்மா பேசிய பேச்சுதான் என்னை உலுக்கியது. அவங்ககிட்ட நான் கேக்கல, எனக்காக அல்லாஹ்கிட்ட கேளுங்கன்னுதான் சொல்றேன் என்று வீட்டில் அத்தனை முறை விளக்கியவர், அங்கே நின்று, "எஜமானே, எம்புள்ளைக்கு ஒண்ணு குடுங்க" என்றார். "குடுங்க" என்றுதான் சொன்னார், என் காதில் தெளிவாக விழுந்தது. கிதாபில் வஸீலாவுக்கும் ஷிர்க்குக்கும் நடுவே போட்டிருக்கும் கோடு, அழுதுகொண்டிருக்கும் ஒரு கிழவியின் வாயில் எங்கே நிற்கும்? தம்பி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது என்று முதல் முறையாகத் தோன்றியது. அவன் அந்த முகத்தைப் பார்க்கவில்லையே என்றும் தோன்றியது. கபுர்களுக்குப் போங்கள் என்று பின்னாளில் நபியே அனுமதித்தது மறுமையை நினைப்பதற்காக. அம்மா அங்கே மறுமையை நினைக்கவே இல்லை, பேரப்பிள்ளையைத்தான் நினைத்தார்.

நான் என்ன செய்தேன்? கையேந்தி, அல்லாஹ்வே, அம்மா கேட்டதைக் கொடு என்றேன். எந்தக் கட்சியில் சேரும் இது, தெரியாது.

வெளியே வந்தபோது தம்பி பக்கத்துப் பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு, பொட்டலத்தில் இறால் வாடாவோடு நின்றான். அம்மா ரோஜா இதழ் ஒட்டிய சர்க்கரையை முந்தானையில் முடிந்துகொண்டார். அவனிடம் நீட்டவில்லை, அவனும் கேட்கவில்லை. வாடாவை மூவரும் பங்கு வைத்துச் சாப்பிட்டோம்.

ரயிலில் அம்மா தூங்கிப் போனார். தம்பி வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அக்கா, அம்மா என்ன கேட்டாங்க?"

"மூட்டு வலி போகணும்னு."

அவன் அம்மாவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.