1870 என்ற சுவர்

நேற்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது ஒரு பழைய கணக்குத் தாள். 1860-இல் அமெரிக்கத் தென் மாநிலங்களில் எடுத்த அடிமைகள் பட்டியல். குடும்ப வேர் தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெயர் என்று இருப்பது முதலாளியின் பெயர்தான். கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். 35, பெண், கறுப்பு. 3, ஆண், கறுப்பு. தாயும் பிள்ளையுமா? தாள் சொல்லாது.

அடிமையாக இருந்தவர்களில் பெரும்பாலோர் பெயரோடு கணக்கெடுப்பில் வருவதே 1870-இல்தான். வேர் தேடுகிற வாரிசுகள் முட்டி நிற்கிற சுவர் அது.

அங்கே கைகொடுப்பது, விடுதலையான அடிமைகளுக்காகத் தொடங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் பதிவேடு. கணக்குத் தொடங்க வந்தவரிடம் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் பெயரெல்லாம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். (1874-இல் வங்கியே மூழ்கிப்போனது தனிக் கொடுமை.)

அப்புறம், நியூ ஆர்லியன்ஸில் ஒரு கிறிஸ்தவப் பத்திரிகையில் 1879 முதல் வந்த 'தொலைந்த நண்பர்கள்' பத்தி. பிரிந்துபோன சொந்தங்களைத் தேடி எழுதிய கடிதங்கள் அதில் வரும்; சந்தாதாரர் அல்லாதவருக்கு 50 சென்ட் கட்டணம். பாதிரியார்கள் இதைத் தேவாலயத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று பத்திரிகையே கேட்டுக்கொண்டது. இதுவும் இப்போது இணையத்தில் இருக்கிறது. தலைப்புதான் நண்பர்கள், தேடுவதெல்லாம் அம்மாவை, தம்பியை. யார் விற்றார், யார் வாங்கினார், எந்த ஊர் என்று வரிசையாகச் சொல்கிறார்கள், அத்தனை வருடம் கழித்தும்.

ஒன்று படித்தேன், இன்னொன்று படித்தேன். மணி இரண்டு.