அத்தை கேட்ட கேள்வியும் ஓர் ஆர்கிட் காயும்

"ஏம்மா, இது காய்க்குமா?" என்று அத்தை கேட்டார். ஜன்னலோரத்தில் என் ஃபெலனாப்சிஸ் ஆர்கிட் ஏழு வெள்ளைப் பூக்களோடு நின்றுகொண்டிருந்தது. "பூவில் வாசம் இல்லை. இலையும் சமையலுக்கு ஆகாது. மருந்துக்காவது உதவுமா?"

பதினொரு வருடங்களாக ஆர்கிட் வளர்க்கிறேன். அன்று "அழகுக்குத்தான் அத்தை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனம் ஆறவில்லை. இந்தச் செடிக்கு அது போதாத பதில்.

முதலில் வனிலாவைச் சொல்லியிருக்க வேண்டும். வனிலாவும் ஓர் ஆர்கிட்தான், மெக்சிகோ பகுதிக் காடுகளில் பிறந்த கொடி. அதை மற்ற வெப்ப நாடுகளுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். நன்றாகப் படர்ந்தது, பூத்தது, காய்க்க மட்டும் மறுத்தது. பூவுக்குள் மகரந்தத்துக்கும் அதை ஏற்கும் சூல்முடிக்கும் நடுவே ஒரு மெல்லிய மடல் திரை போலத் தொங்குகிறது. அதைத் தாண்டி மகரந்தத்தைச் சேர்க்கும் பூச்சிகள் புது மண்ணில் இல்லை. 1841இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு மெல்லிய குச்சியால் அந்த மடலைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திச் சேர்த்துக் காட்டினான். தோட்டங்களில் இன்றும் அதே முறைதான், பூ பூவாகக் கையால். பூ விரிவது ஒரே ஒரு காலைப்பொழுதுக்கு, காய் முற்றுவதற்கோ ஒன்பது மாதம். அந்தச் சிறுவனுக்கு ஆல்பியஸ் என்ற குடும்பப் பெயரே 1848இல் விடுதலை கிடைத்தபோதுதான் கிடைத்தது. 1880இல் வறுமையில் இறந்துபோனார். வனிலா வாசம் எங்கே வந்தாலும் எனக்கு அந்தச் சின்னக் கட்டைவிரல்தான் நினைவுக்கு வருகிறது.

மருந்தும் உண்டு. சீன மருத்துவத்தில் டென்ட்ரோபியம் என்ற ஆர்கிட் வகையின் தண்டுகளை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். துருக்கியில் தரை ஆர்கிட்டுகளின் கிழங்கை உலர்த்தி மாவாக்கிப் பாலில் கலந்து குடிக்கிறார்கள், அதன் பெயர் சலெப். ஆனால் இந்தப் பயனைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. கிழங்கைத் தோண்டினால் செடி செத்தது, ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிழங்குகள் வேண்டும். நம் தேவைக்காக வேரோடு பிடுங்கிப் பிடுங்கித்தான் பல இனங்கள் அழிவின் விளிம்புக்கு வந்திருக்கின்றன. ஆர்கிட் குடும்பம் முழுவதுமே இன்று சைட்ஸ் என்னும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் கண்காணிப்பில் இருக்கிறது.

காட்டுக்கு இதனால் என்ன நன்மை என்று கேட்டால், ஆர்கிட் எல்லாருக்கும் வாரி வழங்கும் செடி என்று சொல்ல மாட்டேன். அது உண்மையில்லை. எத்தனையோ ஆர்கிட்டுகள் ஒரு சொட்டுத் தேன்கூடக் கொடுப்பதில்லை. ஓஃப்ரிஸ் என்ற வகை, பெண் தேனீயின் உருவத்தையும் மணத்தையும் காட்டி ஆண் தேனீயை ஏமாற்றியே மகரந்தத்தைச் சுமக்க வைக்கிறது. கொடுக்கும் வகைகளும் இருக்கின்றன. மடகாஸ்கரில் ஒரு வெள்ளை ஆர்கிட்டின் தேன், ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளக் குழலின் அடியில் இருக்கிறது. இதைக் கண்ட டார்வின், அவ்வளவு நீள உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று 1862இல் எழுதினார். அந்தப் பூச்சிக்கு 1903இல்தான் பெயர் சூட்டினார்கள். அமெரிக்க வெப்பக் காடுகளில் ஆர்கிட் தேனீக்கள் இருக்கின்றன. அவற்றில் ஆண்கள் தேனுக்காக அல்ல, பெண்களைக் கவரும் நறுமணத்துக்காக ஆர்கிட் பூக்களைத் தேடி வருகின்றன. அந்தக் கூட்டத்துப் பெரிய தேனீக்கள்தான் பிரேசில் கொட்டை மரத்தின் இறுகிய பூ மூடியைத் தள்ளி நுழைந்து, அது காய்க்க உதவுபவற்றில் முக்கியமானவை.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு ஒன்று. ஆர்கிட்டால் தனியாக வாழ முடியாது. பல வகைகளுக்குப் பற்றிக்கொள்ள மரம் வேண்டும் (மரத்தில் ஒட்டியிருந்தாலும் அதன் சாற்றை உறிஞ்சுவதில்லை, ஒட்டுண்ணி என்று நினைத்து இதைப் பிய்த்து எறிபவர்களைப் பார்த்தால் கைகளைப் பிடித்து நிறுத்தத் தோன்றும்). பூவுக்கு ஏற்ற பூச்சி வேண்டும். விதை முளைக்கப் பூஞ்சை வேண்டும். ஒரு மரக்கிளையில் ஆர்கிட் தலைமுறை தலைமுறையாகப் பூக்கிறதென்றால், அங்கே இத்தனையும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். அந்த ஒரு செடியைக் காக்க வேண்டுமானால் இத்தனையையும் சேர்த்துத்தான் காக்க வேண்டும்.

அத்தை அடுத்த முறை வந்தபோது, பேச்சை விட்டுவிட்டுப் பல்குத்தும் குச்சி ஒன்றை எடுத்தேன். பூவின் நடுவில் தூண் போல நிற்கும் பகுதியின் நுனியை மெல்லத் தொட்டதும் சிறு தொப்பி ஒன்று கழன்று விழுந்தது. குச்சி முனையில் இரண்டு மஞ்சள் உருண்டைகள், கடுகைவிடச் சின்னவை, பசை போட்டாற்போல ஒட்டிக்கொண்டு வந்தன. ஆர்கிட்டின் மகரந்தம் தூளாகப் பறக்காது, இப்படிப் பொட்டலமாகத்தான் பூச்சியின் முதுகில் ஏறும். அதைப் பக்கத்துப் பூவின் தூணுக்கு அடியில் இருக்கும் ஈரக் குழியில் வைத்தேன். குச்சியை எடுத்தபோது உருண்டைகள் அங்கேயே தங்கிவிட்டன. "அவ்வளவுதானா?" என்றார் அத்தை.

இரண்டே நாளில் அந்தப் பூ வாடித் தொங்கியது. மற்றவை வாரக்கணக்கில் அப்படியே நின்றன. வாடிய பூவின் காம்பு தடித்துப் பச்சைக் காயாகத் திரண்டது. அத்தை ஒவ்வொரு முறை தொலைபேசியில் அழைக்கும்போதும் "காய் எப்படி இருக்கிறது?" என்றுதான் பேச்சைத் தொடங்கினார்.

ஏழாவது மாதம் காய் மஞ்சளாகி நீளவாக்கில் விரிசல் விட்டது. அத்தை அப்போது வீட்டில் இருந்தார். கறுப்புத் தாளை விரித்துக் காயைத் தட்டினேன். முகத்துக்குப் போடும் பவுடர் போன்ற வெளிர்மஞ்சள் தூள் கொட்டியது. ஒவ்வொரு துகளும் ஒரு விதை. சில ஆர்கிட்டுகளில் ஒரே காய்க்குள் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கும்.

"இத்தனையும் முளைக்குமா?"

"முளைக்காது அத்தை. நெல்லுக்கும் பயறுக்கும் உள்ளே சாப்பாடு கட்டிக் கொடுத்திருக்கும், இதற்கு எதுவும் இல்லை. மண்ணிலோ மரப்பட்டையிலோ இருக்கும் பூஞ்சை ஊட்டினால்தான் உண்டு." பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த கூழில் முளைக்க வைக்க 1922இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் வழி கண்டுபிடித்ததையும் சொன்னேன். காட்டைக் கொள்ளையடிக்காமல் இன்று கண்ணாடிக் குடுவைகளில் லட்சக்கணக்கில் நாற்று எடுக்க முடிவது அதனால்தான். இந்த விதைகளையும் ஒரு திசு வளர்ப்பு ஆய்வகத்துக்கு அனுப்பப் போகிறேன் என்றேன்.

அத்தை பதில் சொல்லவில்லை. மூச்சுப் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தாளின் நான்கு ஓரங்களையும் உள்பக்கமாக மடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "முதலில் அந்த ஜன்னலைச் சாத்து. காற்று வருகிறது பார்" என்றார்.