மூன்றரை நாள் கழித்து எண்ணுவது

கதிர்வீச்சிலிருந்து குடலைக் காக்கும் மருந்துகளைச் சோதிக்க, எலிக்குக் கதிர்வீச்சு கொடுத்து மூன்றரை நாள் ஆனதும் அதன் சிறுகுடலை எடுத்து எண்ணத் தொடங்குவோம். குடலின் உள்சுவரில் கிரிப்ட் எனப்படும் சின்னக் குழிகள் இருக்கின்றன. அவற்றின் அடியில் உள்ள ஸ்டெம் செல்கள், அதாவது புதுச் செல்களை உருவாக்கும் மூலச் செல்கள்தான், சில நாட்களுக்கொருமுறை உள்சுவரைப் புதுப்பிக்கின்றன. ஓயாமல் பிரிவதால் கதிர்வீச்சில் முதலில் அடிபடுவதும் அவைதான். ஒரு குழியில் ஒரேயொரு ஸ்டெம் செல் பிழைத்தாலும் அந்தக் குழி மறுபடி வளர்ந்துவிடும். அப்படி வளர்ந்தவற்றை எண்ணும் முறையை விதர்ஸ், எல்கைண்ட் என்ற ஆய்வாளர்கள் 1970-ல் வெளியிட்டார்கள். மருந்து குடலைக் காக்கிறதா என்று பார்க்க இன்றும் அதைத்தான் நம்புகிறோம்.

எண்ணுவது சுலபம் என்றுதான் நானும் நினைத்தேன். பத்து செல்களாவது ஆரோக்கியமாகச் சேர்ந்திருந்தால் அது பிழைத்த குழி. எட்டோ ஒன்பதோ தெரிந்தால்? மருந்து பெற்ற எலி என்று தெரிந்திருந்ததால் "சரி, பத்து இருக்கும்" என்று சேர்த்துக்கொண்டேன். லேபிளை மறைத்து வேறொருவர் எண்ணியபோது நான் கண்ட வித்தியாசத்தில் பாதி காணாமல் போனது. அன்று மனது மிகவும் வலித்தது. இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது: மருந்தால் குழிகள் வீங்கினால், வெட்டிய துண்டில் அவை கூடுதலாக அகப்படும். அளவைக் கணக்கில் எடுக்காவிட்டால் அந்த வீக்கமே பாதுகாப்பு போலத் தோன்றும்.

கதிர்வீச்சுக்கு முன்பே கொடுக்கும் மருந்து வேறு, பின்னால் கொடுப்பது வேறு. அமிஃபோஸ்டின் போன்றவை கதிர்வீச்சால் செல்லுக்குள் உருவாகி அதைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல் என்ற துகள்களைப் பிடிக்கும். கதிர்வீச்சு படும் நேரத்தில் அந்த மருந்து அங்கே இருந்தாக வேண்டும். பிறகு கொடுப்பது, மிஞ்சிய செல்களை வளரவைக்கும் வேலை. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், எலிக்கு ஒரே பெரிய டோஸ். இடுப்புப் பகுதியில் புற்றுநோய் உள்ளவருக்கோ வாரக்கணக்கில் தினமும் சிறு டோஸ். மனிதர்களிடமும் கணக்கு மாறுவதுண்டு. சல்ஃபாசலசின் என்ற குடல் அழற்சி மருந்து கதிர்வீச்சால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைப்பதாக முந்தைய ஆய்வு ஒன்று சொன்னது. 2016-ல் வெளியான இன்னொரு ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை.

இப்போது ஒவ்வொரு புது மருந்துக்கும் புற்றுநோய்க் கட்டி உள்ள எலிகளையும் சேர்த்தே சோதிக்கச் சொல்கிறேன். குடலோடு கட்டியையும் அது காத்துவிட்டால், எத்தனை குழி பிழைத்தாலும் அந்த மருந்தை நான் நோயாளிக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.