யார் இந்த ஜேம்ஸ்?

"ஜேம்ஸா? இந்தப் பக்கம் அப்படி யாரும் ஆடினதில்லையே" என்றார் அந்தப் பெரியவர். நான் சொன்ன பதில்தான் இன்னும் உறுத்துகிறது: "அதுதான் சார் அவருடைய உண்மையான பெயர்."

கண்காட்சியில் ஜேம்ஸ் மாஸ்டர்ஸ் என்ற கால்பந்து வீரரின் படத்துக்கு நான் எழுதிய விளக்கப் பலகையைத்தான் அவர் படித்தார். பலகைக்கு எண்பது வார்த்தைதான் கணக்கு. 1892இல் ஆஸ்திரேலியாவின் வொலங்கொங் நகருக்கு அருகே பால்கௌனியில் பிறந்தவர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, 1883இல் தொடங்கிய பால்கௌனி ரேஞ்சர்ஸ் கால்பந்துக் குழுவின் ஆட்டக்காரர், முதல் உலகப் போருக்குப் போய்வந்தவர், 1923-24இல் ஆஸ்திரேலியாவுக்கு ஆடியவர், அணித்தலைவர். எல்லாம் சரி. ஆனால் ஊருக்கே அவர் ஜூடி மாஸ்டர்ஸ். பள்ளிப் பிள்ளைகள் பெண் என்று நினைத்துக் குழம்புவார்கள் என்று பயந்து, அந்தப் பெயரை நான்தான் எடுத்துவிட்டேன்.

பெரியவரின் அப்பா மாஸ்டர்ஸோடு சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். வீட்டில் ஜூடி, ஜூடி என்றே பேச்சு. படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இவ்வளவு கனத்திருக்காது.

நான் செய்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. பிறப்புப் பதிவில் ஜேம்ஸ்தான். காகிதத்தை நம்புவதுதான் என் வேலை. ஆனால் பந்தைக் கேட்டுக் கத்தியவர்களும், கோல் விழுந்தால் குதித்தவர்களும் எந்தப் பெயரைச் சொல்லியிருப்பார்கள்? செய்தித்தாள்களே ஜூடி என்றுதானே எழுதின? 'உண்மையான' என்ற சொல்லை எந்த உரிமையில் சொன்னேன்? நாள் முழுக்க நிலத்தடியில் கரி வெட்டிவிட்டு மைதானத்துக்கு வந்த மனிதர்கள் தங்களில் ஒருவருக்கு வைத்த பெயர் அது. அதைப் பட்டப்பெயர் என்று ஒதுக்கும்போது, அவர்களையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டேன் என்று படுகிறது. அல்லது நான்தான் ஒரு சொல்லை அளவுக்கு மீறிப் பெரிதாக்குகிறேனா, தெரியவில்லை.

அடுத்த வாரம் தலைப்பை 'ஜூடி மாஸ்டர்ஸ்' என்று மாற்றி ஒட்டினேன். அப்புறம் ஒரு பள்ளிக் குழு வந்தது. "இவங்க பெண்ணா?" என்று கேட்டாள் ஒரு சிறுமி. சொன்னேன். சுரங்கம் எவ்வளவு ஆழம், அங்கே வேலை செய்துவிட்டு ஓட முடியுமா என்று பத்து நிமிடம் என்னை விடவில்லை. இந்தக் கேள்விக்குப் பயந்தா பெயரை எடுத்தேன் என்று வெட்கமாக இருந்தது.

அதே குழுவில் ஒரு பையன் தன் தாளில் 'ஆஸ்திரேலியப் பெண்கள் அணித்தலைவி' என்று எழுதியிருந்ததைக் கடைசியில்தான் கவனித்தேன். திருத்தலாம் என்று வாசலுக்கு ஓடுவதற்குள் அவர்கள் பஸ் கிளம்பிவிட்டது.